அரை லிட்டர் வியர்வை

புக்கிட் மெர்தாஜாமில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் செரோக் தோக் குன் அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற சீனத் தம்பதிகள், பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துவந்த தமிழ்க் குடும்பங்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்ட மலாய் இளைஞர்கள் என்று எல்லாரும் ஏறப்போவது ஒரே மலைதான், மெர்தாஜாம் மலை. உயரம் 545 மீட்டர். நீரிணைக்கு அப்பால் பினாங்குத் தீவில் நிற்கும் கொடிமலைக்கு 833 மீட்டர். வெள்ளைக்காரர்கள் கொடிமலையில் பங்களா கட்டிக்கொண்டார்கள், 1923இல் இழுவை ரயிலும் விட்டார்கள். மெர்தாஜாம் மலையை அவர்கள் கோடை வாசத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். அந்தக் கணக்கில் இந்த மலையின் உச்சி அடிவாரத்தைவிட மூன்றரை டிகிரிதான் குறைவு. அதற்குப் போய் யார் பங்களா கட்டுவார்கள்? அந்த அலட்சியம் நமக்கு நல்லதாய்ப் போயிற்று. இன்று உச்சியில் இருப்பவை தொலைத்தொடர்புக் கோபுரங்கள். மலை முழுக்க நடப்பவர்களுக்கு.

மூன்றரை டிகிரி என்றாலும் குளிர்ச்சி குளிர்ச்சிதான். போதாததற்கு வழி நெடுக மர நிழல். அப்படியிருந்தும் பாதி மலை ஏறுவதற்குள் எல்லார் சட்டையும் பிழியலாம் போல நனைந்துவிடுகிறது. இது ஏன் என்று கேட்டால் "நம்ம ஊரு ஈரப்பதம் அப்படி" என்பார்கள். பதில் சரிதான். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 500 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை 294 கிலோஜூல், அதாவது வெறும் 70 கிலோகலோரி. ஆனால் மனிதத் தசை சிக்கனமான இயந்திரம் அல்ல. உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அது வேலையாக மாற்றும். மீதி நான்கு பங்கும் வெப்பம். ஆக 70 கிலோகலோரி வேலைக்கு 350 கிலோகலோரி எரிகிறது. அதில் 280 கிலோகலோரி உடம்புக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் என்ன ஆகும்? உடல் வெப்பநிலை ஐந்தரை டிகிரி கூடி 42ஐத் தாண்டும். உச்சியைத் தொடும்போது நாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களாக இருப்போம்.

அப்படி ஆவதில்லை. காரணம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன 280 கிலோகலோரியை அப்புறப்படுத்த அரை லிட்டர் வியர்வை போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அது ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை, சட்டையைப் பிழிந்து வழியும் வியர்வை, இவை எதுவும் ஒரு கலோரியைக்கூடக் கொண்டுபோவதில்லை. உப்பும் நீரும் நஷ்டம், அவ்வளவுதான்.

வியர்வை ஆவியாகும் வேகத்தை முடிவு செய்வது தோலுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள ஆவியழுத்த வேறுபாடு. நனைந்த தோல் 35 டிகிரியில் இருந்தால் அங்கே ஆவியழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். மதுரையில் கோடைப் பிற்பகல் ஒன்றில் வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் காற்றின் ஆவியழுத்தம் 1.5 மட்டுமே. வேறுபாடு 4.1. வியர்வை தெரியாமலே காய்ந்துபோகும். புக்கிட் மெர்தாஜாமில் காலை 24 டிகிரி, 95 விழுக்காடு என்றால் காற்றின் ஆவியழுத்தம் 2.8; வேறுபாடும் 2.8தான். மதுரை வெயிலில் நின்றால் காற்று நம்மைச் சுடுகிறது என்பது உண்மை. இங்கே காற்று தோலைவிடக் குளிர்ச்சி என்பதும் உண்மை. ஆனால் வியர்வையை வாங்கிக்கொள்வதில் மதுரைக் காற்று ஒன்றரை மடங்கு தாராளம்.

இதே கணக்கைப் புக்கிட் மெர்தாஜாம் பிற்பகலுக்குப் போட்டால்தான் வேடிக்கை. மதியம் இரண்டு மணிக்கு 32 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு. கைப்பேசியில் இந்த எண்ணைப் பார்ப்பவர் "காலையைவிடக் காய்ந்திருக்கிறது" என்று நினைப்பார். காற்றின் ஆவியழுத்தமோ 3.1, காலையைவிடச் சற்று அதிகம். சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடுதல் என்பதால் விழுக்காடு குறைந்து தெரிகிறது, அவ்வளவே. இங்கே காற்றிலுள்ள நீராவி காலையிலும் மாலையிலும் பெரும்பாலும் ஒரே அளவுதான். காலையில் ஏறுவது சுலபமாக இருப்பது காற்று எட்டு டிகிரி குளிர்ந்திருப்பதாலும் வெயில் தலையில் இறங்காததாலும். மலையேறுபவர்கள் ஈரப்பத விழுக்காட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

இந்த வட்டாரத்தில் தமிழர்கள் அந்தக் காலத்தில் வியர்வை சிந்தியது பொழுதுபோக்குக்காக அல்ல. அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்ட செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பரவியபோது ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். தஞ்சாவூர், திருச்சி வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டிருக்கலாம். உடம்பு வெப்பத்துக்குப் பழகும் என்பது உண்மைதான். பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை முன்கூட்டியே சுரக்கும். அதில் உப்பு குறையும். வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கையோ பிறந்த ஓரிரு ஆண்டுகளில் வளர்ந்த ஊரின் வெப்பத்தைப் பொறுத்து அமைந்துவிடுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ கண்டார். ஆனாலும் பழகிய உடம்பு செய்யக்கூடியது இன்னும் அதிகமாக வியர்ப்பது மட்டுமே. காற்று வாங்கிக்கொள்ள மறுத்தால் அதற்குமேல் உடம்பிடம் வேறு தந்திரம் கிடையாது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் வாரம் முழுக்கக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் மலை ஏறுகிறார்கள். வெப்பப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும். "நாம இந்த ஊரிலேயே பொறந்தவங்க" என்ற தைரியத்துக்கு உடலியலில் ஆதாரம் குறைவு.

காட்டுக்குள் நுழைந்தால் கணக்கு மாறுகிறது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது மேலே விழும் ஒளியில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். பெரிய மரம் ஒன்று நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் நீரை இலைகள் வழியே வெளியேற்றும். நாம் அரை லிட்டருக்குப் படும் பாட்டை மரம் சத்தமில்லாமல் செய்கிறது. அதனால் நண்பகலில் காட்டின் உட்புறம் வெளியைவிடச் சில டிகிரி குளிர்ச்சி. ஆனால் அதே மரங்கள் காற்றோட்டத்தையும் தடுத்துவிடுகின்றன. அசையாத காற்றில் நம் தோலைச் சுற்றி ஈரமான ஒரு படலம் நின்றுவிடும், வியர்வை காயாது. காட்டுப் பாதையில் சொட்டச் சொட்ட நடந்தவர் திறந்த முகட்டுக்கு வந்து காற்று வீசியதும் "அப்பாடா" என்பது இதனால்தான். தார்ச் சாலை வழியாக ஏறுபவர்களுக்குக் காற்று கூடுதல், வெயிலும் கூடுதல். காலை ஒன்பதுக்கு முன்பு தார்ச் சாலை, அதற்குப் பிறகு காட்டுப் பாதை என்பது என் கட்சி.

காட்டின் அடித்தளத்தில் ஒளிப் பஞ்சம் எவ்வளவு என்பதற்குச் சாட்சி சொல்லும் செடி ஒன்று உண்டு. மலேசியக் காடுகளில் நிழலான ஈர இடங்களில் படரும் செலாஜினெல்லா வில்டெனோவி. பார்க்கப் பெரணி மாதிரி இருக்கும். இலை மயில் கழுத்துப் போல நீலமாக மின்னும். பறித்து நீரில் நனைத்தால் நீலம் காணாமல் போய்ப் பச்சையாகிவிடும், உலர்ந்ததும் திரும்ப வரும். இலையில் நீல நிறமி எதுவுமில்லை. மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய அடுக்குகள் ஒளியைப் பிரித்துத் திருப்பும் வித்தை அது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் லீ 1970களில் இதை ஆராய்ந்தார். அந்த நீலம் செடிக்கு எதற்கு உதவுகிறது என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

செரோக் தோக் குன்னில் எல்லாரும் நின்று அண்ணாந்து பார்க்கும் மரம் மெங்குண்டோர். தாவரவியல் பெயர் டெட்ராமெலிஸ் நூடிஃப்ளோரா. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே மரத்தைச் சீனி மரம் என்பார்கள். கம்போடியாவின் தா புரோம் கோயில் சுவர்களை வேரால் கவ்விப் பிடித்துக்கொண்டு படங்களில் வருவதும் இதே இனம்தான். ஆளுயரத்துக்கு மேல் எழும் பலகை வேர்கள் இதன் அடையாளம். மண்ணின் சத்து மேலாகவே கிடக்கும் நாட்டில் ஆணிவேர் ஆழமாகப் போய்ப் பயனில்லை. அகலமாகப் பரவி, பலகையாக எழுந்து தாங்க வேண்டும்.

அந்த மண்ணைச் சற்றுப் பார்க்கலாம். மலை கருங்கல்லால் ஆனது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உறைந்த பாறைக்குழம்பு. தீபகற்ப மலேசியாவுக்கு வெள்ளீயத்தைக் கொடுத்ததும் இதே கருங்கல் குடும்பம்தான். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் வெதுவெதுப்பான மழைநீர், அழுகும் இலைகளின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு கல்லுக்குள் இறங்குகிறது. கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. கரையாமல் மிஞ்சுவது குவார்ட்ஸ் மணிகள். களிமண்மேல் இந்த மணிகள் கிடக்கும்போது சரிவில் கால் வைத்தால் சைக்கிள் பேரிங் குண்டுமேல் வைத்தது போல் வழுக்கும். வழுக்கி விழுபவர்கள் ஈரமண்ணைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி காய்ந்த மணல்.

இதற்கு மலேசியர்கள் கண்டுபிடித்த தீர்வுதான் 'அடிடாஸ் கம்போங்'. ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர் காலணி, அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. பால்மரம் வெட்டுபவர்கள் தோட்டத்தில் போட்டுக்கொண்டது. நீர் புகுந்தாலும் கவலையில்லை, கழற்றி உதறினால் போதும். பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய காலணிகள் சேற்றில் கனத்துத் திணறும்போது இது பிடித்துக்கொண்டு ஏறிவிடும். கணுக்காலுக்கு இது ஆதரவு தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மழை கல்லைத் தின்னும் வேகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அடிவாரத்தில் புனித அன்னாள் ஆலய வளாகத்துக்குப் போகலாம். ஜூலை மாதத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து மக்கள் திரளும் ஆலயம் அது. அந்த வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதன்மேல் செதுக்கப்பட்ட எழுத்துகளைக் கண்டு பதிவு செய்தார். தென்னிந்தியாவிலிருந்து பரவிய பழைய எழுத்து மரபைச் சேர்ந்தவை. வடக்கே ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு செழித்திருந்த காலத்தை ஒட்டியவை. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு மழையில் அவை மிகவும் மங்கிவிட்டன. மலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு வருத்தம்.

அட்டைகளைப் பற்றிப் பேசாமல் ஈரக்காட்டைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. குளத்தில் வாழும் அட்டையின் தரைவாழ் உறவினர் இவை, பேரினம் ஹீமாடிப்ஸா. மெல்லிய தோல் காய்ந்தால் செத்துப்போகும் என்பதால் நம் வியர்வையைக் காயவிடாத அதே காற்றுதான் இவற்றுக்கு உயிர். நடையின் அதிர்வு, உடல் வெப்பம், மூச்சின் கரியமில வாயு இவற்றை வைத்து நம்மை மோப்பம் பிடிக்கின்றன. கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்கச் சுரக்கும் பொருளால்தான் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் வழிந்துகொண்டே இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் போதும். உப்பு, நெருப்பு வைத்தியம் வேண்டாம்; வதைபட்ட அட்டை வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கக்கூடும். 2012இல் வியட்நாம் காட்டு அட்டைகளின் வயிற்று இரத்தத்திலிருந்த மரபணுக்களைப் படித்து, கேமராவுக்குச் சிக்காத அரிய முயலும் கேளையாடும் அங்கே இருப்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அட்டை கடித்தால் நம் விவரமும் காட்டின் ஆவணத்தில் சேர்ந்துவிட்டது என்று தேற்றிக்கொள்ளலாம்.

காட்டில் நடப்பது மனதுக்கு நல்லது என்பதற்குப் பெரிய அறிவியல் வேண்டுமா? ஜப்பான் அரசு 1982இல் 'வனக் குளியல்' என்று பெயர் சூட்டியது. 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த அறுவை நோயாளிகள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஒரு பக்கத்துக்கு 23 பேர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. மர வாசனையே நோய் தீர்க்கும் என்று விற்கப்படும் பொருள்களை நான் நம்புவதில்லை. இரண்டு மணி நேரம் கைப்பேசியைப் பார்க்காமல் மூச்சு வாங்க ஏறினால் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இறங்கும்போது ஆற்றல் குறைவாகத்தான் செலவாகிறது. ஆனால் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதில் நுண்ணிய சேதம் உண்டாகும். திங்கட்கிழமை படியிறங்க முடியாமல் தவிப்பது ஏறியதால் அல்ல, இறங்கியதால். கீழே வந்ததும் பசியாறக் கடைக்குப் போவது வழக்கம். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கிலோகலோரி. ஏறியதற்கான கணக்கு 350. இரண்டாவது ரொட்டிக்குக் கை நீளும்போது இதை நினைவூட்ட நான் யார்? ஆனால் குடிப்பதில் கவனம் வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரலாம். உப்பில் ஊறிய புளிப்புப் பிளம் போட்ட அம்ரா சாறு, பினாங்குக்காரர்கள் 'அசாம் போய்' சேர்த்துக் குடிப்பது, இந்த இடத்தில் அருமையான மருந்து.

காலையில் நம் வியர்வையை வாங்க மறுத்த நீராவி பிற்பகலில் என்ன செய்கிறது என்பதுதான் கடைசிக் கணக்கு. தரை சூடேறியதும் ஈரக்காற்று மேலெழும். கடற்காற்றும் மலைச்சரிவும் அதைத் தூக்கிவிடும். உயரத்தில் குளிர்ந்து நீராவி துளியாகும்போது, ஆவியாகையில் எடுத்துக்கொண்ட அதே 2400 கிலோஜூலை லிட்டருக்கு லிட்டர் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் நீர்; நீராவி அந்த நீராக மாறும்போது வெளிவரும் வெப்பம் 60 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு மேல். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, மேகம் கோபுரமாக வளர்ந்து இடியும் மின்னலுமாகக் கொட்டும். காலையில் பளிச்சென்றிருந்த வானம் மூன்று மணிக்குக் கறுப்பதில் வியப்பில்லை.

மழையில் நனைவது ஆபத்தல்ல. உச்சியில் கோபுரங்களுக்குப் பக்கத்தில் மின்னல் நேரத்தில் நிற்பது ஆபத்து. அதைவிட ஆபத்து ஓடை. மேலே கொட்டும் மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. செங்குத்தான சரிவில் நீர் இறங்க நேரம் எடுக்காது. கிளைகளும் கற்களும் வழியில் அணைபோலத் தேங்கி ஒரே கணத்தில் உடையும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் இப்படி இறங்கிய வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டி வந்து யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. மெர்தாஜாம் மலை ஜெராயில் பாதி உயரம்கூட இல்லை. ஆனாலும் விதி ஒன்றுதான். ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ, இலைதழைகள் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ பொருள்களை எடுக்கத் திரும்பாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

காலை ஏழுக்குத் தொடங்குங்கள், பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. கூட வந்தவர் திடீரென்று உளறத் தொடங்கினாலோ தள்ளாடினாலோ "கொஞ்சம் உட்காரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்க நனைத்து, விசிறிக்கொண்டே 999ஐ அழையுங்கள்.